எந்தப் பக்கம் அரைச் சுற்று?

அத்தியாயம் 14

போன வாரம் லினெட் சமையலறைக் கதவை அறைந்து சாத்திவிட்டு மாடிக்குப் போனாள் அல்லவா? சனிக்கிழமை காலை கீழே இறங்கி வந்தபோதும் அந்தக் கோபத்தில் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் கோபம் ஆறிவிடும் என்பார்கள். தூக்கம் வந்தால்தானே?

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். லினெட் ஃபோட், கேன்டர்பரிக்கும் ஃபேவர்ஷமுக்கும் நடுவே பஸ் ஓட்டுகிறவள். புருஷன் ரஸ்ஸல், ஃபேவர்ஷம் ஸ்லாட் கார் கிளப்பின் செயலாளர். அறுபதுகளில் வந்த உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் ரேஸ் கார்களைப் பலகைத் தடத்தில் ஓட்டுகிற கிளப் அது. தடத்தில் வெட்டிய பள்ளத்தில் காரின் மூக்கு இறங்கி நிற்கும், மின்சாரம் அங்கிருந்து வரும், வேகத்தைக் கையில் இருக்கும் கன்ட்ரோலரால் கூட்டலாம், குறைக்கலாம். வளைவில் காரைத் தரையோடு பிடித்துவைக்கிற காந்தமெல்லாம் இந்தப் பழைய கார்களில் கிடையாது. ஆகவே காரை யார் எப்படித் தயார் செய்தார்கள் என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது.

அதனால்தான் அந்தக் கிளப்பின் கோப்பையில் இரண்டு வரி பொறிப்பார்கள். ஓட்டியவர், தயார் செய்தவர்.

ஏழு வருஷமாகக் கோப்பை லினெட்டுக்கும் ரஸ்ஸலுக்கும் நடுவேதான் போய்வந்துகொண்டிருக்கிறது. மேல்வரியில் அவள் பெயர் வரும், அல்லது அவன் பெயர் வரும். கீழ்வரியில் எப்போதும் ஆர். ஃபோட். ஆனால் இரண்டு கார்களையும் தயார் செய்தது லினெட். முதல் வருஷம் ரஸ்ஸலுக்கு வேலை போயிருந்த நேரம், மனுஷன் முகம் கொடுத்துப் பேசாமல் கிடந்தான். யார் தயார் செய்தது என்று கேட்டபோது "நாங்கதான்" என்றான், பொறிக்கிறவன் அவன் பெயரைப் பொறித்துவிட்டான், போகட்டும் என்று லினெட் விட்டுவிட்டாள். விட்டது தப்பு. அடுத்த வருஷம் அவனே அதை நம்ப ஆரம்பித்துவிட்டான். அதற்கடுத்த வருஷம் கிளப்பின் மாத இதழில் 'ரஸ்ஸலின் ரகசியங்கள்' என்று பத்தி வேறு. லினெட் சமையல் மேஜையில் குனிந்து முணுமுணுப்பதெல்லாம் அந்தப் பத்தியில் வந்துவிடும். "கடைசியாக, மேல்கூட்டு ஸ்க்ரூக்களுக்கு அரைச் சுற்று" என்றுதான் ஒவ்வொரு மாதமும் முடிப்பான். கிளப்பில் அது வேடிக்கைப் பேச்சாகவே ஆகிவிட்டது. யாராவது கிளம்பினால், "என்னப்பா, அரைச் சுத்து குடுத்தாச்சா?" என்பார்கள்.

இனி சனிக்கிழமைக்கு வருவோம்.

ரஸ்ஸல் முட்டை பொரித்துக்கொண்டிருந்தான். சமாதானத்துக்கு அவனுக்குத் தெரிந்த ஒரே வழி முட்டை.

"இன்னைக்கு ரெண்டு வரியிலயும் என் பேரு வரணும்" என்றாள் லினெட்.

"சரி."

"சரின்னா?"

"சரின்னா சரிதான். போட்டிப் பட்டியல்ல மாத்திடறேன். சாப்பிடு, ஆறுது."

"உன் கார்லயும்."

அவன் கரண்டி நின்றது. "என் கார் எதுக்கு? நான் ஓட்டப்போறேன், என் கார்."

"நான் தயார் பண்ண கார்."

"நானும்தான பக்கத்துல இருந்தேன்?"

"பக்கத்துல இருந்து டீ குடிச்ச."

"நல்லா இருக்கே! வீட்ல நாம ரெண்டு பேரும் சேர்ந்து பண்ற ஒரு வேலையில இப்படிக் கணக்குப் பார்ப்பியா?" என்று ரஸ்ஸல் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டான். "உன் கார்ல உன் பேரு. போதுமா? இதுக்குப் போய் ராத்திரி பூரா தனி ரூம்ல படுக்கற ஆளு நீ."

லினெட் முட்டையைத் தொடவில்லை. வேனில் ஏறியதிலிருந்து ஃபேவர்ஷம் வரை, மழைத்துடைப்பான் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. ஓட்டியது அவன். வேறு யாராவது ஓட்டும்போது பக்கத்தில் உட்காருவதே அவளுக்குப் பிடிக்காது. அன்றைக்கு அவன் ஒவ்வொரு திருப்பத்திலும் பிரேக் போட்ட விதத்தைப் பார்த்து அவளுக்குப் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது.

கிளப் கூடத்தில் நடுவர் மேஜைக்குப் பின்னால் ஜேனிஸ் உட்கார்ந்திருந்தாள். ரஸ்ஸலின் அக்கா. லினெட்டுக்கு நாத்தனார் என்று நாம் சொல்லுவோம். அந்த ஊரில் அதற்குத் தனியாக ஒரு சொல் கிடையாது, ஆனால் சங்கதி நம் ஊரில் உள்ளதுதான். பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை. தடத்தில் ஒரு பிஸ்கட் துணுக்கு கிடந்தாலும் யார் தின்றது என்று விசாரிக்கிற ரகம். பத்து வருஷமாக இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் புன்னகை செய்து வருகிறார்கள், இருவருக்கும் அது பல்வலி.

"மழையில நனைஞ்சிட்டியா லினெட்? முகம் என்னமோ போல இருக்கே" என்றாள் ஜேனிஸ்.

"முகத்தை விடு. காரைப் பாரு" என்று பச்சைக் காரை மேஜையில் வைத்தாள்.

பார்க்கவேண்டிய கார்தான் அது. அந்தக் காரோடு அவள் நாலு மாதம் மல்லுக்கட்டியிருக்கிறாள். பின் டயர்களை உப்புத்தாளில் ஓடவிட்டு வட்டமாக்கி, சக்கரத்தோடு பசைபோட்டு ஒட்டி, தைலம் தடவி ஊறவைத்ததில் வீடெல்லாம் மூட்டுவலிக்காரன் படுத்த அறை மாதிரி நாறியது. ஈயத் தகட்டை வெட்டி அடித்தட்டுக்குள் தாழ்வாக ஒட்டினாள். முதலில் ஒட்டிய இடத்தில் கார் நேரே ஓடியது, வளைவில் மூக்கைத் தூக்கியது. பிய்த்து முன்னால் தள்ளி ஒட்டினாள். அப்போது வால் வீசியது. மறுபடியும் பிய்த்தாள். கடைசியில் வளைவுக்குள் முழு வேகத்தில் போனாலும் வாலைக் கொஞ்சமே கொஞ்சம் வெளியே விட்டு, தானே இழுத்துக்கொள்கிற பதம் வந்தது. அன்றைக்கு அவள் சமையலறையில் தனியாக உட்கார்ந்து சிரித்தாள்.

காலைச் சுற்றுகளில் அந்தக் கார் ஒரு தடவைகூடப் பள்ளத்தை விட்டு வெளியே வரவில்லை. நாலு பேர் இறுதிக்கு வந்தார்கள். சிவப்புத் தடம் லினெட், மஞ்சள் ரஸ்ஸல், மற்ற இரண்டு தடத்திலும் வெளியூர்க்காரர்கள்.

"என்னமா ஓடுது!" என்றார் லென் பில்ச்சர். பல் டாக்டராக இருந்து ஓய்வுபெற்றவர், ஊர் வாயெல்லாம் பார்த்தவர் என்பதால் தன் வாயை மூடத் தெரியாதவர். "ரஸ், இந்தத் தடவை உன் கைக்கு முத்தமே குடுக்கலாம்டா. லினெட், நீயும் மோசமில்ல. பஸ் நிறுத்தம் எதுலயும் நிக்காம வந்துட்ட."

எல்லோரும் சிரித்தார்கள். ரஸ்ஸலும் சிரித்தான். "இல்லை, இது அவள் தயார் செய்தது" என்று சொல்ல அவனுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? அவன் சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே, "டயர்ல இருக்கு விஷயம்" என்றான்.

லினெட்டின் காது சுட்டது. ஆனாலும் பொறுத்தாள். இன்னும் ஒரே ஒரு ஓட்டம். அதன்பிறகு கோப்பையில் இரண்டு வரியிலும் ஒரே பெயரைப் பார்த்து இவர்களே வாயைப் பிளக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

மத்தியானம் சாப்பாட்டு இடைவேளை. அந்த நேரத்தில் கார்கள் எல்லாம் நடுவர் மேஜையில் இருக்கவேண்டும் என்பது கிளப் விதி. ஓட்டுகிறவரும், தயார் செய்தவர் என்று பட்டியலில் பெயர் உள்ளவரும் மட்டும்தான் தொடலாம். மூன்றாவது கை பட்டால் கார் போட்டிக்கு வெளியே. லினெட் டீ வரிசையில் நின்று ஒரு சாண்ட்விச்சும் கோப்பை டீயும் வாங்கிக்கொண்டு, லென்னின் வாயிலிருந்து தப்பிக்க வாசலுக்குப் போய் மழையைப் பார்த்தபடி தின்றாள்.

திரும்பி வந்ததும் இறுதிக்கு முந்தின பழகு ஓட்டம். பச்சைக் கார் முதல் வளைவில் நுழைந்தது. துள்ளியது. பக்கவாட்டில் கவிழ்ந்து பலகையில் தேய்ந்துகொண்டே போய்ச் சுவரில் மோதி நின்றது.

லினெட் நம்பவில்லை. எடுத்து வைத்தார்கள். இரண்டாவது வளைவில் மறுபடியும் கவிழ்ந்தது. மெதுவாக ஓட்டினாள், அப்போதும் கார் கட்டை மாதிரி விறைத்துக்கொண்டு போனது. பக்கத்துத் தடத்தில் ரஸ்ஸலின் மஞ்சள் காரும் சறுக்கியது. "தூசி, தடமெல்லாம் தூசி" என்று அவன் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான்.

அவள் காரைக் கையில் எடுத்தாள். அடித்தட்டைப் பிடித்துக்கொண்டு மேல்கூட்டை விரலால் அசைத்துப் பார்த்தாள். அசையவில்லை. ஒரு மயிரிழைகூட அசையவில்லை.

விஷயம் இவ்வளவுதான். மேல்கூடு அடித்தட்டின்மேல் லேசாக ஆடவேண்டும். அதற்காக ஸ்க்ரூவை முழுக்க இறுக்கிவிட்டு, பிறகு அரைச் சுற்று தளர்த்திவிடுவார்கள். வளைவில் கூடு சாயும், அடித்தட்டு தரையை விடாது. இறுக்கிவிட்டால் கூடு சாயும்போது சக்கரத்தையும் சேர்த்துத் தூக்கிவிடும், கார் கவிழும். அந்தக் கூடத்தில் நிற்கிற ஒவ்வொருவருக்கும் இது தெரியும்.

லினெட் நேரே நடுவர் மேஜைக்குப் போனாள்.

"என் காரைத் தொட்டது யாரு?"

ஜேனிஸ் மூக்குக் கண்ணாடியை இறக்கினாள். "கொஞ்சம் மெதுவா பேசலாம்."

"மெதுவா எல்லாம் பேச முடியாது. ஸ்க்ரூவை இறுக்கி வெச்சிருக்காங்க. நீதான இங்க காவல் உக்காந்திருந்த? உன் தம்பி ஜெயிக்கணும்னு உன் கை நீண்டுச்சா?"

வெளியூர்க்காரர் ஒருவர் கடித்த சாசேஜ் ரோலை மெல்லாமல் வாயிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

ஜேனிஸ் எழுந்தாள். கழுத்து வரைக்கும் சிவந்துவிட்டது. "முப்பது வருஷமா பசங்க பரீட்சைத் தாளைத் திருத்தறவ நான். என்னைப் பார்த்துத் திருடின்னு சொல்றியா? உனக்குத் தோத்துப்போற பயம், அதுக்கு நான்தான் கிடைச்சேனா?"

"அப்ப யாரு தொட்டது? சொல்லு!"

"ஏய், ஏய், ரெண்டு பேரும் நிறுத்துங்க" என்று ரஸ்ஸல் கையை விரித்துக்கொண்டு நடுவே வந்தான். முகத்தில் நல்ல மனுஷன் களை. "அக்காவைத் திட்டாத. நான்தான் தொட்டேன்."

"நீயா?"

"பார்த்தேன், ஸ்க்ரூ ரெண்டும் லூசா ஆடுது. நீ காலையில இருந்த கோவத்துல மறந்துட்டன்னு நினைச்சேன். பாவம்னு நான்தான் அரைச் சுத்து குடுத்தேன். என் காருக்கும் குடுத்தேன். நல்லதுக்குத்தான பண்ணேன்?"

லென் பில்ச்சர் தலையைச் சாய்த்து அவனையே பார்த்தார்.

"எந்தப் பக்கம்?" என்றார் லென்.

"என்ன எந்தப் பக்கம்?"

"அரைச் சுத்து. எந்தப் பக்கம் சுத்தின?"

"இது என்ன கேள்வி? இறுக்கற பக்கம்தான். பின்ன, லூசாவா விடுவாங்க?"

இதற்குப் பிறகு அந்தக் கூடத்தில் ஒரு சத்தம் கேட்டது, அது டீ கொதிக்கிற சத்தம். அவன் இத்தனை வருஷம் எழுதியதை எல்லோரும் படித்திருக்கிறார்கள். அரைச் சுற்று என்றால் தளர்த்துவது என்றே எல்லோரும் படித்தார்கள், வேறு மாதிரி படிக்க யாருக்கும் தோன்றவே இல்லை. எழுதினவனுக்கு மட்டும் அது இறுக்குவதாக இருந்திருக்கிறது. லினெட் மேஜையில் முணுமுணுத்ததை அவன் காது வாங்கியது, அவள் மணிக்கட்டு எந்தப் பக்கம் திரும்பியது என்று கண் பார்க்கவில்லை. ஒரே ஒரு காரையாவது தன் கையால் தயார் செய்திருந்தால் அது தெரிந்திருக்கும்.

ஒவ்வொரு தலையாக லினெட் பக்கம் திரும்பியது. லென்னின் முகத்தில் இருந்த கேலி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ரஸ்ஸலுக்கு மட்டும் இன்னும் புரியவில்லை, "என்ன? என்ன ஆச்சு இப்ப?" என்று ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

"டேய் ரஸ்" என்றாள் ஜேனிஸ் மெல்ல. "பேசாம இரு."

அவள் பட்டியலைப் பார்த்தாள். பிறகு லினெட்டைப் பார்த்தாள். குரல் மறுபடியும் தலைமையாசிரியைக் குரலாகிவிட்டது.

"லினெட், அவன் தொட வந்தப்ப நான் தடுக்கல. ஏன்னா உன் காருக்குத் தயார் செஞ்சவர்னு இதுல அவன் பேரு இருக்கு."

"என்ன பேரு இருக்கு?"

"ஆர். ஃபோட்."

லினெட் புருஷனைப் பார்த்தாள். "காலையில சரின்னு சொன்னியே?"

"கடைசி நேரத்துல பட்டியலை அடிச்சுத் திருத்தினா நல்லாவா இருக்கும்? ஜெயிச்சப்புறம் பார்த்துக்கலாம்னு..."

"முட்டை ஆறுதுன்னு சொன்னியே, அப்பவே மாத்தக்கூடாதுன்னு முடிவு பண்ணிட்டியா?"

அவன் அக்காவைப் பார்த்தான்.

"கேளு" என்றாள் ஜேனிஸ். "ரெண்டு வழி இருக்கு. பட்டியல் இப்படியே இருந்தா அவன் தொட்டது விதிப்படி சரி. நீ ஸ்க்ரூவைத் தளர்த்திட்டு இறுதியில ஓட்டலாம். இந்தக் கார் இருந்தா நீதான் ஜெயிப்ப, எல்லாருக்கும் தெரியும். தயார் செஞ்சது நீதான்னு மாத்தச் சொன்னா மாத்தறேன். ஆனா அப்ப அவன் மூணாவது ஆளு. மூணாவது கை பட்ட கார் வெளிய."

"விட்டுடு லினெட்" என்று ரஸ்ஸல் அவள் கையைப் பிடித்தான். "ஓட்டு. ஜெயி. பேரெல்லாம் வீட்ல பேசிக்கலாம்."

அவள் கையை உதறினாள். ஏழு வருஷமாக வீட்டில் பேசிக்கொண்டுதானே இருந்தார்கள்? அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பச்சைக் காரைப் பார்த்தாள். இப்படி ஒரு கார் இனி அமையுமோ என்னவோ. அதைத் தளர்த்த அரை நிமிஷம் போதும்.

"மாத்து" என்றாள். "என் பேரை எழுது."

"யோசிச்சுத்தான்..."

"எழுது ஜேனிஸ்."

ஜேனிஸ் எழுதினாள். ஒலிபெருக்கியை எடுத்து ஒரு தடவை இருமினாள். "சிவப்புத் தடம். ஓட்டுபவர் லினெட் ஃபோட். தயார் செய்தவர் லினெட் ஃபோட். இடைவேளையில் வெளியாள் கை பட்டதால் கார் விலக்கப்படுகிறது."

அவள் பெயர் இரண்டு தடவை அந்தக் கூடத்தில் கேட்டது அதுதான் முதல் முறை. லென் பில்ச்சர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார், ஏன் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

ஆனால் நாள் இன்னும் முடியவில்லை. போட்டியில் இல்லாதவர்கள் மார்ஷலாக வளைவுகளில் நிற்கவேண்டும், கவிழ்ந்த கார்களை எடுத்துப் பள்ளத்தில் வைக்கவேண்டும். விதி என்றால் விதிதான், ஜேனிஸிடம் அதற்கு விலக்கு கிடையாது. லினெட் முதல் வளைவில் போய் நின்றாள்.

"ரஸ், ஸ்க்ரூவைத் திருப்பிவிட்டுட்டு ஓட்டுடா" என்று லென் சொல்லிப் பார்த்தார்.

"என் கார் நல்லாத்தான் இருக்கு" என்றான் ரஸ்ஸல். வீம்பு, வேறென்ன? இப்போது ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்தால் ஊர் முன்னால் ஒப்புக்கொண்டதாகிவிடும் அல்லவா?

விளக்கு எரிந்தது. மூன்று கார்கள் கிளம்பின. மஞ்சள் கார் வளைவில் நுழைந்து, துள்ளி, லினெட்டின் கைக்கு நேரே வந்து மல்லாந்து விழுந்தது.

"மஞ்சள்!" என்று கத்தினான் ரஸ்ஸல். கவிழ்ந்தவர்கள் தடத்தின் நிறத்தைக் கத்தவேண்டும் என்பது வழக்கம்.

லினெட் எடுத்தாள். டயரில் இன்னும் தைல வாசனை இருந்தது. மோட்டார் சூடாக இருந்தது. அவள் கம்பி சுற்றிக் கொடுத்த மோட்டார், அவள் வெட்டி ஒட்டிய ஈயம். வைக்கவில்லை, கையிலேயே பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"மஞ்சள்! லினெட், வை! நேரம் போகுது!"

"இது யார் தயார் பண்ண கார் ரஸ்ஸல்?"

"விளையாடாத! வை!"

"சொல்லு. சொன்னா உடனே வெக்கிறேன். உன் வாயால ஒரு தடவை சொல்லு, அது போதும் எனக்கு."

மற்ற இரண்டு கார்களும் அவளைத் தாண்டி ஒரு சுற்றுப் போய்விட்டன. ஜேனிஸ் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தாள். மார்ஷல் காரை உடனே வைக்கவேண்டும் என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் அதை மறுபடியும் மேஜையில் வைத்துவிட்டாள்.

ரஸ்ஸல் அக்காவைப் பார்த்தான், லென்னைப் பார்த்தான், கடைசியில் பெண்டாட்டியைப் பார்த்தான். உதடு அசைந்தது. லினெட் காத்திருந்தாள். இத்தனைக்குப் பிறகும் அவள் மனசு, சொல்லிவிடுடா பாவி, சொல்லிவிடு, எல்லாவற்றையும் மறந்துவிடுகிறேன் என்று கெஞ்சியது.

அவன் கன்ட்ரோலரை மேஜையில் வைத்தான். நாற்காலியில் தொங்கிய கோட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் கதவைத் திறந்துகொண்டு மழையில் இறங்கினான்.

காரைக் கையில் வைத்துக்கொண்டு லினெட் அப்படியே நின்றாள். வெளியே வேன் கிளம்புகிற சத்தம் கேட்டது. வீட்டுச் சாவி அவனிடம்தான் இருந்தது.